நீரோட்டம் பார்த்து நங்கூரம், நேரம் பார்த்து நாசி கண்டார்

மலேசியாவின் மேற்குக் கரையில் பாய்மரப் படகில் போக நல்ல காலம் எது என்று கேட்டால், பொங்கல் முடிந்து சித்திரை பிறப்பதற்குள் என்பேன். அந்த மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையைப் போட்டு அடிக்கும். நடுவில் நிற்கும் தித்திவங்சா மலைத்தொடர் அதைத் தடுத்துவிடுவதால் எங்கள் பக்கம் கடல் பெரும்பாலும் அடங்கியே கிடக்கும். சில நாட்கள் அடங்கி என்பதைவிடச் செத்துக் கிடக்கும் என்றே சொல்லலாம். காலையில் கரைக்காற்று, பிற்பகலில் கடற்காற்று, இரண்டுக்கும் நடுவே பாய் தொங்கிக்கொண்டு சும்மா இருக்கும், எஞ்சின்தான் வேலை செய்யும். பாய்மரப் பயணம் என்றதும் படத்தில் பார்ப்பதுபோல் எதிர்பார்த்துப் போகிறவர்கள் டீசலுக்கும் பணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் பினாங்குக்காரர். நான் கிள்ளான். படகு 34 அடி. இரண்டு பேர் சண்டை போடாமல் இருக்கக் கொஞ்சம் சிறியது, இரண்டு பேர் சமாளிக்கச் சரியானது. லங்காவியில் கிளம்பி போர்ட்டிக்சன் வரை போனோம். வரைபடமும் நீரோட்டக் கணக்கும் என் பொறுப்பு, சமையல் அவர் பொறுப்பு. வீட்டிலும் அப்படித்தான் என்பதால் இதில் புரட்சி ஒன்றும் இல்லை.

இந்தக் கரையில் இரவில் படகு ஓட்டக்கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டோம். காரணம் வலை. மிதவை வலைகள் கிலோமீட்டர் கணக்கில் நீளும்; ஒரு முனையில் கொடி, மறுமுனையில் இன்னொரு கொடி, நடுவில் தண்ணீரோடு தண்ணீராகச் சின்னச் சின்ன மிதவைகள். இரவில் அந்தக் கொடிக் கம்பத்தில் ஒரு மினுக்கு விளக்கு இருக்கும், அல்லது இருக்காது. இரட்டை இழுவைப் படகுகள் ஒன்றுக்கொன்று தள்ளிப் போய்க்கொண்டிருக்கும். நடுவே வழி தாராளமாக இருக்கிறதே என்று புகுந்துவிடக் கூடாது, அந்த இடைவெளியில்தான் வலை இருக்கிறது. பாரப்படகை இழுத்துப் போகும் இழுவைக் கப்பலுக்கும் இதே விதிதான். முன்னால் போவதும் வெகு பின்னால் வருவதும் தனித்தனிக் கப்பல்கள் என்று தோன்றும், இடையில் இருக்கும் கயிறு கண்ணுக்குத் தெரியாது. பெரிய கப்பல்கள் போகும் பாதை வெளியே தள்ளி இருக்கிறது. நம் படகுக்கு அங்கே வேலையில்லை.

பகலில் மட்டும் ஓடுவது என்று வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடுகிறது. வெளிச்சம் வந்ததும் நங்கூரம் எடுக்க வேண்டும், பிற்பகல் மூன்று நான்கு மணிக்குள் போட்டுவிட வேண்டும். இரவுச் சாப்பாடு கரையில். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு: விடியலில் கிளம்பினால் பசியாறல் போய்விடும். எங்கள் கரையில் ஓர் ஊரை அறிய வேண்டுமானால் அது காலையில் என்ன பசியாறுகிறது என்று பார்க்க வேண்டும். ஆகவே ஒரு நாள் ஓட்டம், மறுநாள் கரை என்று மாற்றி மாற்றி வைத்தோம். நீரோட்ட அட்டவணையையும் கடை திறக்கும் நேரத்தையும் ஒரே தாளில் எழுதி ஒட்டியிருந்தேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், இன்றைக்கும் அப்படித்தான் திட்டம் போடுகிறேன்.

லங்காவியில் குவா துறையில் சாமான் ஏற்றிக்கொள்ளலாம். 1987 முதல் அது வரியில்லாத் தீவு என்பதால் பெரும்பாலானவர்கள் சாக்லேட்டையும் மதுவையும் நிரப்புவார்கள். நாங்கள் நிரப்பியது அரிசி, உருளைக்கிழங்கு, சின்ன வெங்காயம், பெட்டித் தேங்காய்ப்பால், முட்டை. கழுவாத, குளிரில் வைக்காத முட்டையாகப் பார்த்து வாங்கினால் வெளியிலேயே ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். குளிர்சாதனத்தில் இருந்து எடுத்துவந்த முட்டை அப்படித் தாங்காது. கறிவேப்பிலையைக் கழுவாமல் செய்தித்தாளில் சுற்றி, மூச்சு விடும்படி டப்பாவில் போட்டு வைத்தோம். கிளம்புமுன் அவர் இரண்டு போத்தல் புளிக்காய்ச்சலும் ஒரு பெரிய போத்தல் நெத்திலிச் சம்பாலும் செய்துவிட்டார். சம்பாலில் எண்ணெய் மேலே நிற்க வேண்டும், ஈரக் கரண்டி உள்ளே போகக் கூடாது. இந்த இரண்டையும் காப்பாற்றினால் அது கெடாமல் உங்களைக் காப்பாற்றும்.

சமைப்பதற்குப் பிரஷர் குக்கரை விட நல்ல பாத்திரம் படகில் கிடையாது. படகு சாய்ந்தாலும் நேராக நிற்கும்படி அடுப்பை அச்சில் மாட்டியிருப்பார்கள்தான். அப்படியும் பக்கத்தில் ஒரு பெரிய கப்பல் போய் அதன் அலை வந்து மோதினால் திறந்த சட்டி நிலைக்காது. குக்கர் மூடி பூட்டிக்கொள்வதால் கவிழ்ந்தாலும் கால் வேகாது. ஓடும் நேரத்தில் எண்ணெய் காயவைத்துப் பொரிப்பது எங்கள் படகில் தடை. தலைசுற்றலுக்கு மாத்திரையைவிட எனக்கு ஒத்துவந்தது அசாம்போய். உப்பும் புளிப்புமாக அந்த உலர்பழத்தை வாயில் அடக்கிக்கொண்டு தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் வயிறு அடங்குகிறது. வெறும் வயிற்றில் மட்டும் கிளம்பாதீர்கள்.

பினாங்குக்கு 60 கடல் மைல் சொச்சம். எங்கள் படகு ஐந்து நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஐந்து கடல் மைல், போகும் என்பதால் ஒரே பகலில் எட்டாது. வழியில் ஒரு சின்னத் தீவின் மறைவில் இரவு தங்கினோம். மறுநாள் பினாங்கு மலை தெரிய ஆரம்பித்ததிலிருந்து அவர் நடை மாறிவிட்டது. இரண்டு பாலங்களையும் தாண்டித்தான் தெற்கே போக வேண்டும். 1985-இல் திறந்த பழைய பாலம் ஒன்று, 2014-இல் திறந்த 24 கிலோமீட்டர்ப் பாலம் ஒன்று. நம் பாய்மரத்துக்கு இரண்டிலும் இடம் தாராளம். ஆனால் முதல் தடவை கீழே போகும்போது மரத்தின் உச்சி பாலத்தில் இடிக்கப் போவதாகவேதான் கண்ணுக்குத் தெரியும். அந்த நேரத்தில் மேலே பார்க்காமல் கப்பல் பாதையைக் காட்டும் மிதவைகளைப் பாருங்கள்.

இரண்டு பாலங்களுக்கும் நடுவில் ஜெரெஜாக் தீவு. அதன் ஓரத்தில் நங்கூரம் போட நல்ல சேறு. இந்தத் தீவில் 19-ஆம் நூற்றாண்டில் தொழுநோயாளர் இல்லம் இருந்தது. பிறகு கப்பலில் வந்திறங்கிய கூலித் தொழிலாளர்களைத் தொற்று இருக்கிறதா என்று அடைத்துவைத்துப் பார்த்த முகாமும் இருந்தது. அவருடைய தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். 1926-இல் கட்டிய அந்தக் கப்பலைப் பற்றி மலேசியத் தமிழர் வீடுகளில் ஒரு கதையாவது இருக்கும். எங்கள் வீட்டுக் கதை, தாத்தா இந்தத் தீவில் சாப்பிட்ட உப்பில்லாத கஞ்சி. அன்றைக்கு நாங்கள் அங்கே சமைக்கவில்லை. சின்ன ரப்பர் படகில் எதிர்க்கரைக்குப் போய், வாடகைக் கார் பிடித்து ஜார்ஜ் டவுனுக்குப் போய்விட்டோம்.

நாசி கண்டாரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், ஆனாலும் கடலில் இருந்து வந்து சாப்பிடுகிறவள் ஒன்றைச் சொல்லலாம். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவுத்தடி வைத்து, ஒரு பக்கம் சோறு மறுபக்கம் கறி என்று சுமந்து துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சாப்பாடு அது. வெயிலில் உடம்பு உழைத்து, உப்பு வியர்வை காய்ந்து போனபின் எது வேண்டும் என்று அந்த வியாபாரிகளுக்குத் தெரிந்திருக்கிறது. நாள் முழுக்கக் கயிறு இழுத்துவிட்டு, மீன் கறி, கோழிக் கறி, பருப்பு எல்லாக் குழம்பும் ஒன்றாகக் கலந்து சோறு மூழ்கும்படி ஊற்றித் தரும்போதுதான் அந்தக் கலவைக்குப் பொருள் புரிகிறது. குளுகுளு அறையில் உட்கார்ந்து சாப்பிட்டபோது எனக்கு அது வெறும் குழப்பமாகத்தான் பட்டிருந்தது. மீன் முட்டை இருந்தால் விடாதீர்கள். "பஞ்சிர் போடவா, தங்கச்சி?" என்று, அதாவது குழம்பை வெள்ளமாக ஊற்றவா என்று, கடைக்கார அண்ணன் கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். விலையைத் தட்டில் வைக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. பெரிய இறாலும் மீன் தலையும் பில்லை எங்கேயோ கொண்டுபோய்விடும்.

மறுநாள் பசியாறல் ரொட்டி சானாய், பதினொரு மணிக்கு அசாம் லக்சா என்ற புளிப்பு மீன்சாற்று நூடுல்ஸ். சாதாரணக் கெம்போங் மீனை வேகவைத்து உதிர்த்து, அசாம் கெப்பிங் என்ற உலர்ந்த புளிப்புப் பழத்துண்டின் புளிப்பில் கொதிக்கவைத்து, மேலே புதினாவும் புங்கா கந்தான் என்ற இஞ்சிப்பூவும் வெள்ளரியும் தூவி, கடைசியில் ஒரு கரண்டி கரிய இறால் விழுது. வெயிலில் சூடாக எதையும் சாப்பிடப் பிடிக்காத எனக்கே அது இறங்கியது. அடுத்த இரண்டு நாளும் கடலில் அவர் நெத்திலியை வைத்து அந்தச் சாற்றைச் செய்து பார்த்தார். பக்கத்தில்கூட வரவில்லை.

பினாங்கை விட்டுத் தெற்கே போகும்போது பேராக் கரையில் மாத்தாங் சதுப்புக் காடு வரும். சுமார் 40,000 ஹெக்டேர். 1902-லிருந்து முறை வைத்து வெட்டி, மறுபடி நட்டு, கரி சுடுகிறார்கள். படகில் போகிறவர்களுக்கு அது ஒரு பச்சைக் கோடு மட்டும்தான், ஏனென்றால் கரைக்கு வெகு தூரத்திலேயே ஆழம் குறைந்துவிடும். பத்து மீட்டர் ஆழக் கோட்டுக்கு உள்ளே போகாதீர்கள். அந்தச் சேற்று மேட்டில்தான் கெராங் சிப்பி வளர்க்கிறார்கள். எல்லை காட்டும் கம்புகள் தண்ணீருக்கு மேல் அரையடி நின்றாலே அதிர்ஷ்டம். பினாங்கில் சார் குவே தியாவ் என்ற வறுத்த அரிசி நூடுல்ஸ் தட்டில் பாதி வெந்து கிடந்த அந்தச் சிப்பியும், சில கடைகளில் இன்னும் சட்டிக்குக் கீழே எரியும் கரியும் இந்த மாதிரிச் சேற்றில் இருந்துதான் வருகின்றன.

நாங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு மீன் படகு நேராக எங்களை நோக்கி வந்தது. கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார் படகில் இருந்தவர். முதல் தடவை யாருக்கும் பயமாக இருக்கும். வலையைச் சுற்றிப் போகச் சொல்கிறார், அவ்வளவுதான். எந்தப் பக்கம் கை காட்டுகிறாரோ அந்தப் பக்கம் திரும்பி, வேகத்தைக் குறைத்து, நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவர் பக்கத்தில் வந்து, "காக், மாவு ஊடாங்?" (அக்கா, இறால் வேண்டுமா?) என்று ஓர் இறால் கூடையைத் தூக்கிக் காட்டினார். நடுக்கடலில் மீன் வாங்க ஒரு வாளியும் கயிறும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு படகும் ஒட்டினால் நம் படகின் சாயம்தான் போகும். வாளியில் பணத்தையும் நான்கு குளிர்ந்த ஹன்ட்ரட் பிளஸ் பான டின்னையும் வைத்து அனுப்பினோம். பணத்தைவிட அந்த டின்தான் அவருக்குச் சந்தோஷம். இறால் எடையும் கூடியது.

பங்கோரில் எங்கள் திட்டம் கெட்டது, நல்லபடியாக. மாசி மகம். தீவின் பத்ரகாளியம்மன் கோயிலுக்கு நாடு முழுவதிலும் இருந்து கூட்டம் வந்திருந்தது. தங்க அறை கிடைக்காமல் பலர் அலைந்தார்கள். சொந்தப் படுக்கையோடு வந்த எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. கோயில் அன்னதானத்தில் சாம்பாரும் பொரியலும் சாப்பிட்டோம். எதிரில் உட்கார்ந்திருந்த பெரியம்மா, "எங்கிருந்துமா வர்றீங்க?" என்றார். "படகுல, லங்காவில இருந்து" என்றேன். "ஃபெரி அங்கேயிருந்து விடுறானா?" என்று கேட்டுவிட்டு, விளக்கம் சொல்வதற்குள் எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் வைக்கச் சொல்லிவிட்டார்.

1874-இல் பேராக்கை ஆங்கிலேயர் கைக்குக் கொண்டுபோன ஒப்பந்தம் பங்கோருக்குப் பக்கத்தில் ஒரு கப்பலில்தான் கையெழுத்தானது. அந்த வரலாற்றுக்காக வருகிறவர்களைவிட நெத்திலிக்காக வருகிறவர்கள்தான் அதிகம். நெத்திலியைப் பிடித்த உடனே படகிலேயே உப்புத் தண்ணீரில் ஒரு கொதி கொதிக்க விட்டு, கரையில் காயவைக்கிறார்கள். உடனே வேகவைப்பதால் உடல் உடையாமல், வயிறு கறுக்காமல் வெள்ளையாக இருக்கும். வாங்கும்போது அதைப் பாருங்கள். வளைந்து, மொடமொடவென்று ஒடிய வேண்டும்; பிசுபிசுத்தால் படகின் ஈரத்தில் இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும். நான் ஒரு கிலோ வாங்கி மூன்று டப்பாவாகப் பிரித்து மூடினேன். கணவாய்க் கருவாடும் வாங்கினோம், ஆனால் அதை அறைக்குள் வைத்துத் தூங்க முடியாது. வெளியே கயிற்றுப் பெட்டிக்குப் போய்விட்டது.

பங்கோருக்கு எதிரே பெருநிலத்தில் படகைக் கட்டிவிட்டு, கார் பிடித்துச் சித்தியவான் போய் வாருங்கள். 1903-இல் ஃபூச்சோவ் சீனர்கள் குடியேறிய ஊர். களிமண் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுட்டெடுக்கும் கொம்பியா ரொட்டி அங்கே பேர்போனது. உள்ளே ஒன்றும் வைக்காத ரொட்டி ரெண்டு மூன்று நாள் தாங்கும். காய்ந்துவிட்டால் தோசைக்கல்லில் மூடிபோட்டுச் சூடாக்கினால் மறுபடி மொறுமொறுப்பு வந்துவிடும். கடையில் விற்கும் வெட்டு ரொட்டி படகில் நசுங்கிக் கூழாகிவிடும், இது நசுங்காது. மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்குங்கள். நெத்திலிச் சம்பாலை உள்ளே வைத்து, சுக்கானைப் பிடித்தபடியே ஒரு கையால் சாப்பிடலாம். அந்தப் பயணத்தில் நான் கண்ட சிறந்த சாப்பாட்டுக் கண்டுபிடிப்பு இதுதான்.

சுமாத்திரா என்று மீனவர்கள் சொல்லும் புயற்காற்று சித்திரைக்குப் பிறகுதான் மும்முரமாக வரும். முன்கூட்டியே ஒன்று எங்களைப் பங்கோருக்குத் தெற்கே செம்பிலான் தீவுகளில் பிடித்தது. விடியலுக்கு முன் அது வருவதுதான் வழக்கம்: மேற்கே கறுப்பாக வளைந்த ஒரு மேக விளிம்பு, திடீரென்று குளிர்ந்த காற்று, அடுத்த சில நிமிடங்களில் 40 நாட்டைத் தொடும் வீச்சும் மழையும். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், அந்த ஒரு மணி நேரம் நீளமாக இருக்கும். முந்தின மாலையே தீவுக்குக் கிழக்கே தங்கி, சங்கிலியை நிறைய விட்டிருந்தோம். இங்கே ஆழத்தைக் கணக்கிடும்போது அப்போதைய தண்ணீரைப் பார்க்காமல், ஏற்றம் முழுதாக வந்தால் எவ்வளவு இருக்கும் என்று பார்க்க வேண்டும். எஞ்சினைப் போட்டு, விளக்கை ஏற்றி உட்கார்ந்திருந்தோம். மழை விட்டதும் அவர் இஞ்சி தட்டித் தேநீர் போட்டார். பேசிக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை.

கிள்ளான் துறைமுகத்துக்குள் நுழைவதுதான் இந்தக் கரையின் பரீட்சை. பௌர்ணமி, அமாவாசை நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நான்கு மீட்டருக்கு மேல் வித்தியாசம். நீரோட்டம் எதிராக இருந்தால் எஞ்சின் கத்தும், கரையில் இருக்கும் கிரேன் அங்கேயே நிற்கும். சாதகமான ஓட்டத்துக்குக் காத்திருந்து நுழைந்தால் அதே தூரம் பாதி நேரத்தில் முடியும். பெரிய கப்பல்களின் நடமாட்டத்தைத் திரையில் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவி இங்கே அவசியம், வி.எச்.எஃப். வானொலி 16-ஆம் அலைவரிசையில் திறந்தே இருக்கட்டும். மழைக்குப் பிறகு ஆறு மரக்கட்டைகளை இறக்கிவிடும் என்பதால் ஒருவர் முன்னால் நின்று பார்க்க வேண்டும்.

என் ஊர் என்பதால் பெருமை அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் இருந்து ஃபெரியில் கெத்தாம் தீவுக்குப் போனால் ஊரே தூண்மேல் நிற்கும், நண்டு உயிரோடு இருக்கும். தெங்கு கிளானா சாலையில் வாழையிலைச் சாப்பாடு. பன்றி இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்குக் காலையில் பாக் குட் தே. மூலிகைச் சாற்றில் எலும்போடு வேகவைத்த இறைச்சி, துறைமுகக் கூலிகளின் பசியாறல் என்று சொல்வார்கள். 2024-இல் அதை நாட்டின் பாரம்பரிய உணவுப் பட்டியலில் சேர்த்தார்கள். நான் போனது என் அம்மா வீட்டுக்கு. கெளுத்தி மீன் குழம்பும் இரண்டு வாளித் துணியும் ஒரே மதியத்தில் முடிந்தன.

போர்ட்டிக்சனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படகை விட்டுப் போக வசதியான இடம், அது போதும். பக்கத்தில் தஞ்சோங் துவான் முனையில் கலங்கரை விளக்கத்தடியில் நின்றால் மார்ச் மாதத்தில் சுமாத்திராவில் இருந்து கடலைத் தாண்டி வரும் தேன்பருந்துகளைப் பார்க்கலாம். கடல் அங்கே குறுகல் என்பதால் அவை அந்த வழியைப் பிடிக்கின்றன.

மலாக்காவுக்குப் படகில் போக வேண்டாம் என்பது என் கருத்து. திறந்த கடல், ஆழமில்லாத சேறு, நிம்மதியாகக் கட்டிவைக்க நல்ல இடம் இல்லை. பேருந்தில் போனோம். தங்கப் பட்டறைத் தெருவில் 1781-இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில், பழைய தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்காச் செட்டிகளுடையது. மலாய் பேசி, சாமி கும்பிட்டு, போகிக்கு முன்னோருக்கு இலை போடும் அந்த மக்களின் பிண்டாங் மீன் குழம்பில் நம் புளியும் பெலாச்சான் என்ற மலாய் இறால் விழுதும் ஒரே சட்டியில் இருக்கின்றன. போர்த்துக்கீசியர் குடியிருப்பில் வினிகரும் கடுகும் தூக்கலாகப் போட்ட டெவில் கறி கிடைத்தது. அந்தக் கரையில் பிடிக்கும் கெராகாவ் என்ற பொடி இறாலைச் சோற்றோடு உப்பிலிட்டுப் புளிக்கவைத்த சின்சாலோக்கை இரண்டு போத்தல் வாங்கினார் என் கணவர். "வேணாங்க" என்றேன். கேட்கவில்லை.

அந்தப் போத்தல்களை எடுத்துப் போவதானால் நிமிர்த்தி வையுங்கள், எஞ்சினுக்குப் பக்கத்துச் சூட்டில் வைக்காதீர்கள். அது போத்தலுக்குள்ளேயும் புளித்துக்கொண்டுதான் இருக்கும், ஓடும் படகில் குலுங்கக் குலுங்க உள்ளே வாயு ஏறும். வெங்காயம், மிளகாய், எலுமிச்சை பிழிந்து பொரித்த மீனோடு சாப்பிட அருமையாக இருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திறக்கும்போது அறைக்குள் திறக்காமல் வெளித்தட்டுக்கு எடுத்துப் போய், காற்றுக்கு முதுகைக் காட்டி, துவைத்து உலர்த்திய துணி எதுவும் அந்தப் பக்கம் தொங்குகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத் திறங்கள்.